உங்களுக்குத் தெரியுமா? மலைத் தேறலும் வலைஞர் அரியலும்

அமெரிக்காவிலே போர்ட்லாந்து உயர்ந்ததா, டென்வர் உயர்ந்ததா, ஸான் டியேகோ உயர்ந்ததா என்று, சிறு ஆலைகள் வடிக்கும் பியரை முன்னிட்டு ரசிகர்கள் ஓயாமல் வாதிக்கிறார்களே, அவ்விதப் போட்டிக்கு வேண்டிய சரக்கு நம் சங்க நூல்களிலேயே இருக்கிறது. குன்றவாணர், தேனாலாகிய கள்ளான தேறலை நீண்ட மூங்கிற் குழாயில் பெய்து முதிரவைத்து, சுற்றத்தாருடன் உண்டு மகிழ்ந்ததைத் திருமுருகாற்றுப்படை கூறுகிறது. அத்தகைய மலைகளுள் ஒன்றான, சங்ககால வள்ளல் வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலை இன்றும் தேனுக்கும் பலாவுக்கும் பிரசித்தி பெற்றது.

காஞ்சிக்குச் செல்லும் வழியிலுள்ள வலைஞர் குடியிருப்பின் முறை வேறு. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டில் ஆற்றி, புற்றாஞ்சோறு போலத் தோன்றும் நெல்முளையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்து, சாடியில் நன்கு விளைந்தபின் அரியல் என்னும் கள்ளை விரலால் அலைத்துப் பிழிந்தெடுத்ததாகப் பெரும்பாணாற்றுப்படை வர்ணிக்கும். முளைவிட்ட தானியம் மாவை இனிப்பாக்க, அவ்வினிப்பு நுரைத்து மதுவாகிறது. பார்லி முளையைக் கொண்டு பியர் வடிக்கும் சாஸ்திரமும் இதுவே. ஆகவே பியருக்கு நெருங்கிய உறவு வலைஞர் சாடிக்கே. மணத்துக்குரிய பரிசை மட்டும் நான் மலைக்குக் கொடுப்பேன்.

இன்னொரு விசேஷம்: 1920 முதல் அனுஷ்டித்த மதுவிலக்கை அமெரிக்கா 1933இல் கைவிட, நான்கே ஆண்டுகளில், 1937 அக்டோபர் 1 அன்று, ராஜாஜியின் மந்திரிசபை சென்னை ராஜதானியில் முதன்முதலாக மதுவிலக்கை அமல்செய்தது, கொல்லிமலையும் அக்காலத்தில் உட்பட்டிருந்த சேலம் ஜில்லாவில்தான்.