உங்களுக்குத் தெரியுமா? பிளந்த மார்பை மூடும் தசை

மட்டக்களப்பின் படுவான்கரைக் கிராமமொன்றிலிருந்து இருதய சத்திரசிகிச்சைக்காகக் கொழும்புக்குச் சென்று, நெஞ்செலும்பு நெடுக அறுக்கப்பெற்றுப் பின் உருக்குக் கம்பிகளால் பிணைக்கப்பெற்றுத் திரும்பும் மீனவர் ஒருவருக்கு, அவ்வெலும்பு பொருந்துதற்கு ஏறத்தாழ 6 முதல் 8 வாரங்கள் வேண்டும் என்பதும், அதற்குள் வீச்சுவலை எறிவதோ தோணி வலிப்பதோ அப்பிணைப்பையே தளர்த்திவிடக்கூடும் என்பதும் அவசியம் தெரிந்திருக்க வேண்டியவை. நீரிழிவும் புகைப்பழக்கமும் உடையோருக்கு இவ்வபாயம் விசேஷமாக அதிகம். ஆறாத விரணத்தோடு மட்டக்களப்பு வாவியில் இறங்குவதும் ஆகாது. வெப்பமான உவர்நீரில் இயல்பாகவே வாழும் விப்ரியோ இனக் கிருமிகள் சில, அவ்விரணத்தின் வழியே தேகத்துள் புகுந்து உயிருக்கே உலை வைக்க வல்லவை. சீழ் கசிந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ, இருமுகையில் நெஞ்செலும்பு உராய்ந்து ஒலித்தாலோ, அடுத்த கிளினிக் தினம் வரை காத்திராமல் அன்றைக்கே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

இவ்வாறு பிணைப்புத் தளர்ந்தோ கிருமி தொற்றியோ வாய்பிளந்த நெஞ்சை வைத்தியர்கள் எங்ஙனம் மூடுகின்றனர்? பழுதுற்ற எலும்பையும் கம்பிகளையும் அகற்றிச் சுத்தம் செய்தபின், நோயாளியின் சொந்த மார்புத் தசையையே அதன் ரத்தக் குழாய் அறாதவாறு பெயர்த்து அக்குழியை நிரப்புகின்றனர். 1980இல் அமெரிக்க நிபுணர் ஜுர்கிவிச்சும் அவர் குழுவினரும் பிரசித்தப்படுத்திய இம்முறையில், தசையோடு கூடவரும் ரத்தமே பிராணவாயுவையும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தையும் நாள்தோறும் சுமந்துவந்து ஊட்டுகிறது. தசை போதாவிடில் வயிற்றினுள் குடலைப் போர்த்திருக்கும் கொழுப்புத் திரையை மேலே இழுத்துக்கொள்வதும் உண்டு. இவற்றுக்கு ஆயத்தமாகும் நாட்களில், 1997க்குப்பின் பரவிய உபாயப்படி, விரணத்தில் நுண்துளைப் பஞ்சை வைத்து மூடி, மெல்லிய உறிஞ்சுவிசையால் கசிவை இடையறாது இழுத்தெடுக்கின்றனர்.