பழைய பிளக் கூறும் சான்று



மோட்டார் வண்டியின் முன்மூடியைத் திறந்து நோக்கினால் பெரிய உறுப்புகள் பல நம் கண்ணைக் கவரும். அவற்றினிடையே, வெண்பீங்கான் கழுத்தும் எஃகு உடலும் கொண்டு, ஒரு விரல் நீளமே உள்ள சிறு உறுப்பொன்று இரப்பர்க் குல்லாய் அணிந்து மறைந்திருக்கும். அதனையே ஸ்பார்க் பிளக் என்கிறோம். அதனைத் தேர்ந்தெடுப்பது எங்ஙனம், மாற்றுவது எங்ஙனம் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். எடுத்துக்காட்டுக்கு நாம் யாவரும் அறிந்த மாருதி 800 என்னும் சிறிய காரைக் கொள்வோம். 1983 முதல் 2014 வரை நம் நாட்டில் செய்யப்பட்ட அவ்வண்டியில் மூன்று சிலிண்டர்கள் உண்டு. ஆகவே பிளக்குகளும் மூன்று.

இப்பொருளில் எனக்கு ஈடுபாடு பிறந்த வரலாற்றை முதலில் கூறிவிடுகிறேன். பல ஆண்டுகள் பள்ளியில் பௌதிகம் கற்பித்தவன் நான். மின்பொறியைப் பற்றிக் கரும்பலகையில் எத்தனையோ முறை படம் வரைந்திருக்கிறேன். ஓய்வு பெற்றபின் பழைய மாருதி 800 ஒன்றை வாங்கினேன். ஒரு நாள் மலைச்சாலையில் ஏறுகையில் வண்டி திணறியது. மூன்றடி வைக்கும் குதிரை ஓரடி தவறியதுபோல் குலுங்கியது. பின்னால் பேருந்து ஒன்று ஓயாது ஒலி எழுப்ப, மழையில் வழி விட்டு ஒதுங்கி நின்றேன். என் மனைவியார் ஒன்றும் பேசவில்லை. அதுவே எனக்குப் பெரிய கண்டனமாயிருந்தது. மறுநாள் மூன்று பிளக்குகளையும் கழற்றி எறிந்துவிட்டுப் புதியன மூன்றை மாட்டினேன். வண்டி நன்றாக ஓடியது. ஆனால் ஐந்தாறு வாரங்களில் பழைய நோய் திரும்பிவிட்டது.

இம்முறை வண்டியை மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுசென்றேன். அவர் என்னிடம் எட்டாம் வகுப்பில் படித்தவர். நான் கூறியதை எல்லாம் கேட்டுவிட்டு, “ஐயா, கழற்றிய பிளக்குகளைப் பார்த்தீர்களா?” என்று ஒரே கேள்வி கேட்டார். நான் பார்க்கவில்லை. அன்று அவருக்கு நான் விடை கூற இயலாத மாணவனாகிவிட்டேன். அக்கேள்வியின் பொருள் விளங்கவேண்டுமானால், பிளக்கின் தொழிலை முதலில் அறிதல் வேண்டும்.

பெட்ரோல் என்ஜினில் பிஸ்டன் நான்கு வீச்சுகளில் தன் வேலையை முடிக்கிறது. முதல் வீச்சில் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவை உள்ளே இழுக்கப்படுகிறது. இரண்டாவதில் அஃது அழுத்தப்படுகிறது. அழுத்தம் முடியும் தறுவாயில் பிளக்கில் பொறி எழுகிறது. கலவை எரிந்து விரிவடைந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. இது மூன்றாவது வீச்சு. நான்காவதில் புகை வெளியேறுகிறது. டீசல் என்ஜினில் காற்றை மிகுதியாக அழுத்துவதால் எழும் வெப்பமே எரிபொருளைக் கொளுத்திவிடுவதால், அங்கே ஸ்பார்க் பிளக்குக்கு வேலையில்லை.

பாட்டரி தரும் மின்னழுத்தம் 12 வோல்ட் மட்டுமே. இக்னிஷன் காயில் அதனைப் பல ஆயிரம் வோல்ட்டாகப் பெருக்கி அனுப்புகிறது. அம்மின்னழுத்தம் பிளக்கின் நடுக்கம்பி வழியே இறங்கி, பக்கத்திலுள்ள வளைந்த கம்பிக்கு ஏறக்குறைய 1 மி.மீ. இடைவெளியைத் தாண்டிப் பாய்கிறது. நடுக்கம்பியைச் சூழ்ந்துள்ள வெண்பீங்கான், அலுமினா என்னும் பொருளால் ஆனது. மின்சாரம் வழிதவறி எஃகு உடலுக்குள் ஓடிவிடாமல் காப்பது அதுவே. 1860-ஆம் ஆண்டிலேயே பாரிஸ் நகரில் லெனுவார் என்பவர் தம் வாயு என்ஜினில் மின்பொறியைப் பயன்படுத்தினார். ஆயினும் 1902-இல் ஜெர்மனியின் பாஷ் தொழிற்சாலையில் பணியாற்றிய ஹோனோல்டு என்னும் பொறியாளர், உயர் மின்னழுத்த மாக்னீட்டோவையும் அதற்கேற்ற பிளக்கையும் அமைத்த பின்னரே மோட்டார் வண்டிக்கு நம்பத்தக்க பொறி கிடைத்தது.

இதன் உழைப்பை ஒரு சிறு கணக்கால் அளந்து பார்ப்போம். என்ஜின் நிமிடத்துக்கு 2,400 சுற்றுகள் சுழல்வதாகக் கொள்ளுங்கள். இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி. ஆகவே ஒரு பிளக் நிமிடத்துக்கு 1,200 முறையும், நொடிக்கு 20 முறையும் பொறி தருகிறது. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் 20,000 கி.மீ. ஓட 500 மணி நேரம் ஆகும். அதற்குள் அந்த ஒரு பிளக் 3 கோடியே 60 இலட்சம் முறை பொறி தந்திருக்கும்! ஒவ்வொரு பொறியும் கம்பி முனையில் அணுவளவு உலோகத்தைத் தேய்க்கிறது. முனை தேயத் தேய இடைவெளி அகலும். அகல அகலப் பொறி பாய்வது அரிதாகும். பிளக்கை மாற்றவேண்டிய காரணம் இதுவேயாகும்.

இனித் தேர்ந்தெடுக்கும் முறையைக் காண்போம். முதலில் பார்க்கவேண்டியது மரையின் குறுக்களவும் நீளமும். கார்களில் 14 மி.மீ. மரை பெருவழக்கு. நீளம் தேவைக்குக் குறைந்தால் பொறி குழிக்குள் மறைந்து கலவையைச் சரிவரக் கொளுத்தாது. மிகுந்தால் பிஸ்டன் வந்து மோதி என்ஜினே பாழாகலாம்.

அடுத்தது வெப்பத் தரம். சூடான பிளக், குளிர்ந்த பிளக் என்று கடைகளில் கூறுவர். சூடான பிளக் வலிய பொறி தரும் என்று பலர் எண்ணுவது தவறு. பிளக்கின் முனை தான் பெற்ற வெப்பத்தை எவ்வளவு விரைவில் வெளியேற்றுகிறது என்பதையே இச்சொற்கள் குறிக்கின்றன. நீண்ட வகுப்பறைக்கு ஒரே வாயில் இருந்தால், மணி அடித்தபின் பிள்ளைகள் வெளியேற நேரமாகும். குறுகிய அறையாயின் விரைவில் காலியாகும். அவ்வாறே பீங்கான் மூக்கு நீண்டிருந்தால் முனையில் வெப்பம் தங்கும். அது சூடான பிளக். மூக்கு குட்டையானால் வெப்பம் விரைந்து நீங்கும். அது குளிர்ந்த பிளக். முனையின் வெப்பம் சுமார் 500 பாகை சென்டிகிரேடுக்குக் குறைந்தால் கரி எரியாமல் படியும். சுமார் 850 பாகைக்கு மிகுமானால், பொறி எழுமுன்னரே கலவை தானாகத் தீப்பற்றும் இடர் நேரும். இவ்விரு எல்லைக்கும் இடையில் நிற்பதே நல்ல பிளக்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வெப்பத் தரத்தைக் குறிக்கும் எண் எல்லா நிறுவனங்களுக்கும் ஒன்றன்று. ஜப்பானிய என்.ஜி.கே. பிளக்குகளில் எண் ஏற ஏறப் பிளக் குளிர்ந்ததாகும். ஜெர்மானிய பாஷ் பிளக்குகளில் எண் ஏற ஏறச் சூடானதாகும். ஆதலின் ஒன்றில் 7 என்றிருந்தது எனக் கருதி, மற்றொன்றில் 7 கேட்டு வாங்குதல் கூடாது. வண்டியின் கையேட்டில் கூறிய குறியீட்டையோ, அதற்கு இணையென்று அந்நிறுவனமே வெளியிட்ட குறியீட்டையோதான் கொள்ளவேண்டும்.

பி.பி.ஆர்.6.இ.எஸ். என்பது போன்ற என்.ஜி.கே. குறியீட்டில் ‘ஆர்’ என்னும் எழுத்து, உள்ளே மின்தடை ஒன்று உண்டு என்பதைக் காட்டுவது. வானொலி கேட்போருக்கு இதன் அருமை எளிதில் விளங்கும். பொறி எழும்போதெல்லாம் ரேடியோ அலைகளும் எழுகின்றன. ஹெர்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1880-களின் இறுதியில் அவ்வலைகளை முதன்முதல் மெய்ப்பித்துக் காட்டியதும் மின்பொறியைக் கொண்டே. மத்திய அலையில் பேச்சைக் கேட்கும்போது தெருவில் ஒரு வண்டி செல்ல, ‘கரகர’ என்ற இரைச்சல் எழுவதுண்டன்றோ? அதனை அடக்கவே இம்மின்தடை. இக்காலக் கார்களில் உள்ள மின்னணுக் கருவிகளையும் அதுவே காக்கிறது.

நிக்கல் முனையுள்ள பிளக்குகள் விலை குறைந்தவை, விரைவில் தேய்பவை. பிளாட்டினம், இரிடியம் முனைகள் நெடுநாள் உழைக்கும். நிக்கல் 1,455 பாகையில் உருகும். இரிடியமோ 2,400 பாகையைக் கடந்த பின்னரே உருகும். ஆயினும் விலை மிக்கது என்பதனாலேயே ஒன்று நம் வண்டிக்குப் பொருத்தமாகிவிடாது.

மாற்றும் முறை கடினமானதன்று; பொறுமை ஒன்றே வேண்டும். என்ஜின் நன்றாக ஆறியிருக்கவேண்டும். சூடாயிருக்கும் அலுமினியத்தில் மரை எளிதில் சிதையும். மின்கம்பிகள் இடம் மாறாதிருக்க அவற்றுக்கு 1, 2, 3 என அடையாளம் இடுக. கம்பியைப் பற்றி இழுக்காமல் குல்லாயைப் பற்றித் திருகி எடுக்கவேண்டும். குழியைச் சுற்றியுள்ள புழுதியை ஊதிப் போக்கிய பின்னரே பிளக் ஸ்பானரைப் பயன்படுத்துக. இல்லையேல் மணல் சிலிண்டருக்குள் விழும். கழற்றியவற்றை அதே வரிசையில் ஒரு தாளின்மீது வைக்கவும்.

புதிய பிளக்கின் இடைவெளியைப் பீலர் கேஜ் கொண்டு கையேட்டின் அளவோடு ஒத்துப் பார்க்கவேண்டும். பின்னர் ஸ்பானரைத் தொடாமல், விரலாலேயே அது தடையின்றி இறங்கும்வரை திருகவேண்டும். தொடக்கத்திலேயே தடுத்தால் மரை பிசகியிருக்கிறது. வெளியே எடுத்து மீண்டும் தொடங்குக. விரலால் இறுகிய பின்னர், வாஷர் உள்ள புதிய பிளக்கை ஸ்பானரால் அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு பங்குச் சுற்று வரை திருகினால் போதும். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது இங்கே முற்றும் பொருந்தும். நூறு ரூபாய் வேலை மரை கெட்டால் ஆயிரங்களில் முடியும்.

இப்போது அம்மெக்கானிக்கின் கேள்விக்கு வருவோம். அவர் என் வண்டியின் மூன்று பிளக்குகளையும் கழற்றி வரிசையாக வைத்தார். இரண்டின் முனை வெளிர் பழுப்பு நிறமாயிருந்தது. அது நல்ல எரிதலின் அடையாளம். மூன்றாவது மட்டும் கரிய எண்ணெய்ப் பசையில் நனைந்திருந்தது. “பிளக் கெடவில்லை ஐயா, மேலிருந்து எண்ணெய் இறங்குகிறது” என்றார். வால்வுத் தண்டைச் சூழ்ந்த இரப்பர் சீல் தேய்ந்து போயிருந்தது. அதனை மாற்றியபின் வண்டி திணறவில்லை. நான் முதன்முறை எறிந்த மூன்று பிளக்குகளும் இதே செய்தியைத் தாங்கியிருந்தன. படிக்கத் தெரிந்தும் படிக்காமல் குப்பையில் இட்டவன் நான்.

இவ்வாறே பிற அடையாளங்களும் உண்டு. உலர்ந்த கரி படிந்திருந்தால் கலவையில் பெட்ரோல் மிகுதி. காற்று வடிகட்டி அடைபட்டிருக்கலாம். மூக்கு வெளுத்துக் கொப்புளித்திருந்தால் வெப்பம் மிகுதி. கலவையில் பெட்ரோல் குறைந்திருக்கலாம், அல்லது பிளக்கின் தரம் பொருந்தாதிருக்கலாம். நிறம் செம்மையாயிருந்து முனை மட்டும் தேய்ந்திருந்தால், அது தன் கடமையை முடித்து ஓய்வு பெறும் பிளக். அதற்கு நாம் நன்றி கூறிப் புதியதை மாட்டலாம்.

மாணவர்களே! ஒரு மாணவன் தேர்வில் தவறினால் விடைத்தாளைக் கிழித்தெறிவதனால் அவன் தேறிவிடமாட்டான்; எங்கே தவறினான் என்று அத்தாளையே படித்துப் பார்க்கவேண்டும். நாற்பதாண்டுகள் பிறருக்கு இதனைச் சொல்லிவந்த நான், என் மாணவர் ஒருவரிடமிருந்து அதனை மீண்டும் கற்றேன். உங்கள் இல்லத்து வண்டியில் அடுத்த முறை பிளக் மாற்றும்போது அருகில் நில்லுங்கள். புதியதை வாங்கிக் கொடுக்குமுன், பழையதைக் கையில் வாங்கிப் பாருங்கள்.