சார்ஜ் ஏறுது, படம் வரலை: டாக்கிங் ஸ்டேஷனில் கோளாறை எங்கே தேடுவது?

(ஒலிபரப்பான எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்ப வந்த இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

இந்த வாரக் கேள்வி மாதனூரிலிருந்து. வேலூரிலிருந்து ஆம்பூர் போகிற நெடுஞ்சாலையில், பள்ளிகொண்டா தாண்டினால் வருமே, அந்த ஊர்தான். அங்கே ஒரு ஷூ கம்பெனியில் பேட்டர்ன் பிரிவில் இருக்கும் தங்கை ஒருவர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார்.

"அண்ணா, லேப்டாப்பை டாக்ல மாட்டினா பெரிய ஸ்கிரீன்ல 'நோ சிக்னல்'னு வருது. டாக் போயிடுச்சு, உன் கையிலதான் போச்சு, சம்பளத்துல பிடிப்போம்னு சொல்றாங்க. நான் ஒண்ணுமே பண்ணலைண்ணா."

ஷூவின் மேல்பாகத் துண்டுகளை ஒவ்வொரு சைஸுக்கும் கம்ப்யூட்டரில் வரைவது அவர் வேலை. 14 இன்ச் திரையில் அது கண்ணைக் கெடுக்கிற வேலை. இப்போ கண்ணோட சேர்த்து சம்பளத்துக்கும் ஆபத்து. அதனால் நிதானமாகப் பார்ப்போம்.

படம் போகிற வழியில் ஐந்து பேர் நிற்கிறார்கள்: லேப்டாப், டைப் சி கேபிள், டாக், எச்.டி.எம்.ஐ கேபிள், மானிட்டர். யார் மேல் தப்பு என்று தெரியாமல் டாக்கை மட்டும் குற்றவாளி ஆக்கக்கூடாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்க. இரண்டை ஒன்றாக மாற்றினால், சரியானாலும் எதனால் சரியாச்சுன்னு தெரியாது.

முதலில் மானிட்டர். அதன் மெனுவில் 'இன்புட்' என்ற இடத்தில் சரியான எச்.டி.எம்.ஐ தேர்வாகி இருக்கிறதா? பிறகு டாக்கை விட்டுவிட்டு, அதே எச்.டி.எம்.ஐ கேபிளை நேராக லேப்டாப்பில் மாட்டுங்க. விண்டோஸ் கீயோடு 'பி' எழுத்தை அழுத்தி 'எக்ஸ்டெண்ட்' கொடுங்க. தங்கைக்குப் படம் வந்தது. அப்போ மானிட்டரும் எச்.டி.எம்.ஐ கேபிளும் நல்லாத்தான் இருக்கு.

அடுத்து டாக். கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறும் நேரத்தில் சில டாக்குகள் பாதியில் உறைந்து நின்றுவிடும். லேப்டாப் கேபிளைக் கழற்றி, டாக்கின் அடாப்டரையும் பிடுங்கி, அரை நிமிஷம் விட்டு மறுபடி மாட்டுங்க. அதோடு விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், 'பி' (பிரிண்டரின் பி இல்லை, பஸ்ஸின் பி) நான்கையும் சேர்த்து அழுத்தினால் கிராஃபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும். பல இடங்களில் இதுவே போதும். தங்கைக்குப் போதவில்லை.

"டாக்ல மாட்டின கீபோர்டு, மவுஸ் வேலை செய்யுதா? லேப்டாப் சார்ஜ் ஏறுதா?" என்று கேட்டேன். "எல்லாம் ஆகுதுண்ணா, படம் மட்டும்தான் வரலை." இதுதான் துப்பு.

டைப் சி என்பது முனையின் வடிவம் மட்டும். அதற்குள் 24 தொடுமுனைகள் உண்டு. மின்சாரம் போக வேறு, கீபோர்டு மாதிரி மெதுவான வேலைக்கு வேறு, படம் போகிற வேகமான வழிகள் வேறு. போனோடு வருகிற பல சார்ஜிங் கேபிள்களில் அந்த வேகமான கம்பிகளே இருக்காது. சார்ஜ் ஏறும், மவுஸ் நகரும், படம் வராது. நம்ம ஊர் ஆட்களுக்குச் சொல்லவே வேண்டாம்: ஸ்ப்ளிட் தோலுக்கு மேலே கோட்டிங் கொடுத்தால் மேல்தோல் மாதிரியே இருக்கும், வெட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

கேபிளில் 60 வாட், 100 வாட் என்று போட்டிருப்பது மின்சாரக் கணக்கு. அதை நம்பி வாங்காதீங்க. பெட்டியில் 480 எம்.பி.பி.எஸ் என்று இருந்தால் இந்த மாதிரி டாக்கில் படத்துக்கு ஆகாது. 10 ஜி.பி.பி.எஸ் அல்லது அதற்கு மேல் இருக்கட்டும்.

தங்கை விசாரித்தார். டாக்கோடு வந்த கேபிளை யாரோ போன் சார்ஜ் போட எடுத்துப்போய், வேறொன்றை மாட்டியிருக்கிறார்கள். பழைய கேபிள் பேக்கிங் பிரிவில் கிடைத்தது. மாட்டினதும் படம் வந்தது. சம்பளப் பேச்சும் அதோடு நின்றது.

புதிதாக டாக் வாங்கப் போகிறவர்களுக்கு மூன்று விஷயம். ஒன்று, லேப்டாப்பின் டைப் சி போர்ட்டே படம் அனுப்புமா என்று மாடல் விவரத்தில் பாருங்க. 'டிஸ்ப்ளே போர்ட் ஆல்ட் மோட்' அல்லது 'தண்டர்போல்ட்' என்று இருக்கணும். இல்லையென்றால் டிஸ்ப்ளே லிங்க் வகை டாக் வேணும், அதற்குத் தனி டிரைவர் போடணும். இரண்டு, 2020-ல் வந்த எம்1 மேக்புக் ஏர் தானாக ஒரு வெளித்திரையைத்தான் ஓட்டும். சாதாரண டாக்கில் இரண்டு திரை மாட்டிவிட்டு டாக்கைத் திட்டக்கூடாது. மூன்று, 4கே திரையில் படம் வந்தும் மவுஸ் இழுத்து இழுத்து நகர்ந்தால், டிஸ்ப்ளே செட்டிங்கில் 30 ஹெர்ட்ஸ் இருக்கிறதா பாருங்க. எச்.டி.எம்.ஐ 1.4 வரைக்கும் உள்ள டாக் 4கே-யில் அவ்வளவுதான் கொடுக்கும். 60 வேணும்னா 2.0 தேவை.

கடைசியாக ஒன்று. டாக்கோடு வந்த கேபிளில் ஒரு டேப் ஒட்டி 'டாக்' என்று எழுதி வையுங்க. யார் சம்பளத்திலும் கை வைப்பதற்கு முன்னாடி அந்தக் கேபிளைத் தேடுங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.