எச்சரிக்கை படகுவரை வர வேண்டும்

தடைக்காலம்தான் எனக்கு வேலைக்காலம். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. கன்னியாகுமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் வரிசையாக நிற்கும் படகுகளில் ஏறி இறங்கி, மின்னணுக் கருவிகளைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் என் பிழைப்பு. உப்புக் காற்றில் செப்புக் கம்பிகள் பச்சை பூத்துப் போயிருக்கும். அவற்றை வெட்டியெடுத்து, புதுக் கம்பி இழுத்து, நீர் புகாதபடி டேப் சுற்றுவதிலேயே பாதி நாள் போய்விடும்.

தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று இங்குள்ள கடலோர ஊர்க்காரர்கள் ஆழ்கடலில் சுறாவும் சூரையும் பிடிப்பதில் பெயர்பெற்றவர்கள். கொச்சி, மங்களூர், குஜராத் துறைமுகங்களிலிருந்தும் தொழிலுக்குப் போவார்கள். ஒரு முறை போனால் வாரக்கணக்கில் கடலிலேயே தங்கல். படகில் ஜிபிஎஸ் இருக்கும், கடலடியைக் காட்டும் எக்கோ சவுண்டர் இருக்கும், அருகிலுள்ள படகோடு பேச வயர்லெஸ் இருக்கும். ஆனால் வயர்லெஸ் சில பத்து கிலோமீட்டருக்கு மேல் எட்டாது. செல்போன் சிக்னல் அதற்கு முன்பே போய்விடும். அதற்கப்பால் போன மகனுக்குக் கரையிலிருந்து ஒரு சொல் சொல்லவும் 2017-இல் எங்களிடம் வழி இருக்கவில்லை.

2017 நவம்பர் 30 அன்று காலை கன்னியாகுமரிக்குத் தெற்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் ஒக்கி புயலாக மாறியது. முந்தைய நாள்தான் அது காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். ஒரே நாளில் புயல். கரையில் ரப்பரும் வாழையும் சாய்ந்து, மின்சாரம் போய், மாவட்டமே இருண்டு கிடந்தது. கடலிலோ, எச்சரிக்கை என்ற ஒன்று வெளியாவதற்குப் பல நாட்களுக்கு முன்பே புறப்பட்டுப் போன படகுகள் இருந்தன. தமிழ்நாட்டிலும் கேரளத்திலுமாக 300-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள் அல்லது திரும்பவே இல்லை. டிசம்பர் 7-ஆம் தேதி குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் தண்டவாளத்தில் உட்கார்ந்தது, காணாமல் போனவர்களைத் தேடச் சொல்லித்தான்.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, வானிலை கணிப்பு முன்போல் இல்லை என்று செய்திகளில் படிக்கிறோம். உண்மைதான். முன்பெல்லாம் காற்று, வெப்பம், ஈரப்பதம் ஆகியவற்றின் இயற்பியல் கணக்குகளை ராட்சதக் கணினிகள் மணிக்கணக்கில் போட்டுத்தான் முன்னறிவிப்பு வரும். 2023-இல் கூகுள் டீப்மைண்ட் வெளியிட்ட கிராஃப்காஸ்ட் வேறு வழியில் போகிறது. 1979 தொடங்கி ஏறத்தாழ நாற்பதாண்டு வானிலைப் பதிவுகளைப் படித்து, இன்றைய நிலைக்குப் பின் என்ன வரும் என்பதைப் பழக்கத்தால் சொல்கிறது. பத்து நாள் கணிப்பு ஒரு நிமிடத்துக்குள் தயார். ஐரோப்பிய வானிலை மையம் 2025 பிப்ரவரியில் தன் செயற்கை நுண்ணறிவுக் கணிப்பை அன்றாடப் பயன்பாட்டுக்கே கொண்டுவந்துவிட்டது. அதே ஆண்டு பருவமழைக்கு முன் நம் வேளாண் அமைச்சகம், இத்தகைய கணிப்புகளைக் கொண்டு மழை தொடங்கும் காலத்தை ஏறத்தாழ 3.8 கோடி விவசாயிகளுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பியது.

வயலுக்கு வந்தது கடலுக்கும் வர வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டே ஆசைப்பட வேண்டும். இந்த மாதிரிகள் புயல் எந்தப் பக்கம் போகும் என்பதை நன்றாகச் சொல்கின்றன. எவ்வளவு பலம் கொள்ளும் என்பதில் குறைத்துச் சொல்லிவிடுகின்றன. அடிக்கடி நடப்பதைப் படித்துத் தேறிய இயந்திரத்துக்கு அபூர்வமாக நடப்பது பிடிபடுவது கடினம். ஒக்கியின் கொடுமையே ஒரு நாளுக்குள் அது பலம் கொண்ட வேகம்தான். ஆகவே இயந்திரம் சொல்வதைச் சரிபார்க்கும் வானிலையாளரின் வேலை போய்விடக் கூடாது. சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் ராத்திரி கண்விழித்து மேகப்படம் பார்க்கும் மனிதர் எங்களுக்கு வேண்டும்.

கணிப்பு எவ்வளவு கூர்மையானாலும் அது படகில் ஏறாவிட்டால் என்ன பயன்? ஒக்கிக்குப் பின் நடந்த நல்ல மாற்றம் இந்தக் கடைசித் தூரத்தில்தான். 2019 அக்டோபரில் ஜெமினி என்ற கருவி அறிமுகமானது. செயற்கைக்கோள் வழியே வரும் எச்சரிக்கையை வாங்கி, புளூடூத் மூலம் செல்போனுக்குத் தரும். ஆனால் கேட்கத்தான் முடியும், பதில் சொல்ல முடியாது. அடுத்து வந்தது இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர். ஒரு லட்சம் படகுகளில் இலவசமாகப் பொருத்தும் 364 கோடி ரூபாய்த் திட்டம் 2024 ஆகஸ்ட் 30 அன்று தொடங்கப்பட்டது. இதில் செய்தி இரு பக்கமும் போகும். நடுக்கடலில் எஞ்சின் நின்றால், ஆளுக்கு நெஞ்சுவலி வந்தால், கரைக்குச் சொல்லலாம்.

இந்த டிரான்ஸ்பாண்டரைப் பொருத்தும்போது, படகோட்டும் வயதான ஸ்ராங்கு ஒருவர் என் பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு திருகாணியையும் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கேட்டார்: “நான் எங்க கிடக்கேன்னு இது ஆருக்கெல்லாம் சொல்லும் மக்கா?”

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. எங்கள் தொழிலில் மீன் கிடைக்கும் இடம்தான் சொத்து. ஸ்ராங்குமார் அந்த இடங்களின் எண்களைத் தனி நோட்டில் எழுதி, சொந்தத் தம்பிக்குக்கூடக் காட்டாமல் வைத்திருப்பார்கள். படகு நிற்கும் இடத்தை அடிக்கடி கரைக்கு அனுப்பும் கருவி, அந்த நோட்டையும் சேர்த்து அனுப்புகிறது. படகின் நடமாட்டத்தைப் பார்த்தே அது மீன் பிடிக்கிறதா, சும்மா போகிறதா என்று பிரித்தறிய இன்று செயற்கை நுண்ணறிவால் முடியும். குளோபல் ஃபிஷிங் வாட்ச் என்ற அமைப்பு உலகம் முழுக்க அதைத்தான் செய்கிறது. 2024-இல் அவர்களின் ஆய்வு, தொழில்முறை மீன்பிடிக் கப்பல்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு பொதுக் கண்காணிப்பில் இல்லை என்றே கண்டுபிடித்தது. கடலைச் சுரண்டும் பெருங்கப்பல்களைப் பிடிக்க அந்த அறிவு உதவட்டும், வரவேற்கிறேன். டீகோ கார்சியா தீவுப் பக்கம் எல்லை தாண்டிப் பிடிபட்டு அவதிப்பட்ட எங்கள் ஆட்களுக்கும், எல்லை நெருங்கும்போதே கருவி எச்சரித்தால் நல்லது. ஆனால் உயிர்காக்க என்று சொல்லி வாங்கும் தகவலை எதற்கு, யார், எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்பதைத் தமிழில் எழுதி மீனவர் கையில் கொடுக்க வேண்டும். இதுவரை என் கண்ணில் அப்படி ஒரு தாள் படவில்லை.

மீன் தேடும் வேலையும் மாறிக்கொண்டிருக்கிறது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம், கடல்பரப்பின் வெப்பத்தையும் பாசியின் நிறத்தையும் செயற்கைக்கோள் வழியே பார்த்து, மீன் கூடும் இடங்களை அறிவிக்கிறது. டீசல் மிச்சமாகிறது. மேகம் மூடினால் செயற்கைக்கோளுக்கும் கண் தெரியாது, அப்போது அனுபவம்தான் துணை. மலை உச்சியையும் மாதா கோயில் கோபுரத்தையும் நேர்வைத்து இடம் குறித்தவர்கள், தண்ணீரின் நிறம் பார்த்து ஓட்டம் சொன்னவர்கள் எல்லாம் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். அவர்கள் அறிந்தது எந்தக் கணினிக்கும் பாடமாகப் போகவில்லை. அதை வாங்கிப் பதிவு செய்ய இந்த மாவட்டத்துப் பொறியியல் கல்லூரிகளை விட்டால் யார் இருக்கிறார்கள்?

இஸ்ரோவின் தலைவராக இருந்த கே. சிவன் நாகர்கோவில் அருகே சரக்கல்விளைக்காரர். 2025 ஜனவரியில் பொறுப்பேற்ற வி. நாராயணன் மேலக்காட்டுவிளைக்காரர். விண்வெளிக்கு இவ்வளவு கொடுத்த மண் இது, அதன் கடற்கரைக்கு உரிமையோடு கேட்கலாம். எழுத்தாக வரும் எச்சரிக்கை குரலாக வர வேண்டும். அலையில் சுக்கானைப் பிடித்திருப்பவருக்கு ஈரக்கையால் போனைத் திறந்து படிக்க நேரம் இல்லை. இன்று எங்கள் படகுகளில் வடமாநிலத்துப் பையன்களும் தொழில் செய்கிறார்கள். அவர்களுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. இந்திய மொழிகளுக்கிடையே பேச்சை மொழிபெயர்க்க 2022 முதல் அரசின் பாஷினி இருக்கிறது. அதை டிரான்ஸ்பாண்டரோடு இணைப்பது இஸ்ரோவுக்கு முடியாத காரியம் அல்ல.

படகுக்காரர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இது. ஆகஸ்டில் புறப்படும் முன் கருவியின் பேட்டரியைச் சோதித்துப் பாருங்கள். அவசரச் செய்தி அனுப்புவது எப்படி என்று ஸ்ராங்குக்கு மட்டும் தெரிந்தால் போதாது, சமையல் செய்யும் பையன் உட்பட எல்லோருக்கும் காட்டிக்கொடுங்கள்.