பர்மிங்காம் நோக்கி ஒரு மோட்டார் சைக்கிள் பயணம்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துப் பர்மிங்காம் நகருக்குத் தம் வண்டியிலேயே செல்ல எண்ணுபவர், பார்பர் அருங்காட்சியகத்துக்கு ஒரு முழு நாளையேனும் ஒதுக்குவது நல்லது. ஏனெனில், 1,600-க்கும் மேற்பட்ட மோட்டார் சைக்கிள்களைத் திரட்டி, உலகிலேயே மிகப் பெரியதெனக் கின்னஸ் பதிவில் இடம்பெற்ற அது, ஓரிரு மணி நேரத்தில் கண்டு முடிக்கக்கூடியதன்று. நிறுவனர் ஜார்ஜ் பார்பர் முன்னர்க் கார்ப் பந்தய வீரராக இருந்தவர் என்பதாலோ என்னவோ, அங்குப் பழைய வண்டிகள் ஓடும் நிலைக்கு மீட்டெடுக்கப்படுவதோடு, வளைவும் ஏற்ற இறக்கமும் மிகுந்த, ஏறத்தாழ 3.8 கிலோமீட்டர் நீளமுள்ள பந்தயத் தடமும் அருகிலேயே அமைந்துள்ளது. பழங்கால வண்டிகளின் பந்தயமும் உதிரிபாகச் சந்தையும் ஒருங்கே கூடும் ‘விண்டேஜ் திருவிழா’, வெயில் தணிந்த அக்டோபரில் நடைபெறுவதால் அதுவே ஏற்ற பருவம். எனினும் விடுதி அறையை முன்கூட்டியே பதிவு செய்தல் வேண்டும். அலபாமாவில் ஓட்டுபவருக்கும் பின்னால் அமர்பவருக்கும் தலைக்கவசம் கட்டாயம்.