படபடப்பைக் ‘காத்து’ என்று விட்டுவிடாதீர்கள்

தாப்பா வட்டாரத் தோட்டங்களில் பால் வெட்டி ஓய்ந்த பெரியவர்கள் பலர், நெஞ்சு படபடத்தால் ‘காத்து’ என்று ஓமத்தண்ணீர் குடித்துப் படுத்துவிடுகிறார்கள். அது சில சமயம் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாக இருக்கும். இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்க, ரத்தம் அங்கே தேங்கி உறையும். அந்தக் கட்டி மூளைக்கு ஏறினால் பக்கவாதம்தான். இக்கோளாறு உள்ளவருக்கு அந்த ஆபத்து ஏறக்குறைய 5 மடங்கு.

கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து, முழுதாக 1 நிமிடம் நாடியை எண்ணுங்கள். தாளம் தப்பிய மேளம்போல் முன்பின்னாக அடித்தால், அரசாங்கக் கிளினிக்கில் இசிஜி எடுக்கச் சொல்லுங்கள். ஒருமுறை சரியாக வந்துவிட்டது என்று விடக் கூடாது; இந்தத் துடிப்பு வந்து வந்து போகும். 24 மணி நேரம் பதிவு செய்யும் ஹோல்டர் சோதனையைப் பற்றியும் கேளுங்கள்.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபாரின் கொடுத்தால், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் அளவு பெரும்பாலோருக்கு 2-க்கும் 3-க்கும் இடையில் நிற்க வேண்டும். கீரையை அடியோடு நிறுத்த வேண்டாம்; வாரா வாரம் ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் மாத்திரையும், பேர் தெரியாத மூலிகைப் பொடியும் ரத்தக்கசிவைக் கொண்டுவரலாம்.

மருந்தைப் பாதியில் விடுபவர்களை நான் குறை சொல்லமாட்டேன். நிபுணரைப் பார்க்க ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வருவதிலேயே ஒரு நாள் கரைந்துவிடுகிறது. ஆனால் மாத்திரைக்காக ஒவ்வொரு முறையும் அவ்வளவு தூரம் அலைய வேண்டியதில்லை. ‘ஸ்பூப்’ என்ற ஏற்பாட்டில் மீதி மருந்தைப் பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரியிலோ கிளினிக்கிலோ வாங்கலாம். தபாலில் அனுப்பும் வசதியும் உண்டு. மருந்துக் கவுண்டரில் வாய்விட்டுக் கேட்க வேண்டும். பலருக்கு இது தெரிவதேயில்லை. ரத்தச் சோதனையைப் பக்கத்திலேயே செய்ய முடியுமா என்றும் கேளுங்கள்.

துடிப்பு மிகவும் குறைந்து பேஸ்மேக்கர் வைக்கச் சொன்னால், செலவுக்குப் பயந்து வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். அரசாங்க ஆஸ்பத்திரியின் மருத்துவச் சமூகநல அதிகாரியைப் பாருங்கள். வசதியில்லாதவர்களுக்கான மருத்துவ உதவி நிதிக்கு அவர் வழியாக விண்ணப்பிக்கலாம். சம்பாதிக்க முடியாத அளவுக்கு நோய் முற்றியவர், தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவில் சந்தா கட்டியிருந்தால், 60 வயதுக்கு முன்பே இயலாமை ஓய்வூதியத்துக்கு மனு போட வேண்டும்.

வாய் கோணினாலோ, கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம்; உடனே 999-ஐ அழையுங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு 4½ மணி நேரம்தான் கெடு. வார்ஃபாரின் புத்தகத்தையும் கையோடு எடுத்துப் போங்கள். ஐஎன்ஆர் கூடியிருந்தால் அந்த ஊசியைப் போட முடியாது. டாக்டருக்கு அது முதலிலேயே தெரிய வேண்டும்.