ஒரே தோலில் பஞ்சும் ஓடும்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குச் செல்லும் வழியிற் பரந்து கிடக்கும் கரிசற்காட்டை அறியாதார் நம்முள் அரியர். வானம் பார்த்த அப்பூமி கருங்கண்ணிப் பருத்திக்குப் பேர்பெற்றது. அப்பஞ்சின் ஒவ்வோர் இழையும் ஒரே ஓர் உயிரணு என்று கூறின் வியப்பாகவே இருக்கும்.

பூ மலரும் நாளையொட்டி, இளவிதையின் மேற்றோலிலுள்ள அணுக்களுள் ஏறக்குறைய நான்கில் ஒன்று மட்டும் மேலே புடைத்தெழுகின்றது. பின்னர்த் தன் அகலத்தைப்போல் ஆயிரம் மடங்கு நீள்கின்றது. அதனை ஒட்டியிருக்கும் அணுவோ தட்டையாகவே நின்று விதையின் ஓடாகின்றது. இரண்டும் ஒரு தாய்ச்செடியின் அணுக்கள், இரண்டிலுமுள்ள டி.என்.ஏ. என்னும் மரபுப்பொருளும் ஒன்றே.

அங்ஙனமாயின் வேற்றுமை எங்ஙனம் வந்தது? தனக்கு வேண்டாத பகுதிகளை அணு இழந்துவிடுகின்றது என்று முற்காலத்தறிஞர் சிலர் எண்ணினர். 1958-இல் ஸ்டீவார்ட் என்பார் காரட் கிழங்கின் அணுக்களிலிருந்து முழுச்செடியையே வளர்த்துக் காட்டியபின் அக்கருத்து நிற்கவில்லை. எழுத்து அழிவதில்லை, படிக்கப்பெறும் பகுதியே வேறுபடுகின்றது. வீடுதோறும் இருப்பது ஒரே பஞ்சாங்கமேயாயினும், சம்சாரி அதில் மழைக்குறி பார்க்கின்றான். மணவீட்டார் முகூர்த்தம் பார்க்கின்றனர். ஆனால் இவ்வுவமை ஓரிடத்தில் நொண்டுகின்றது. பஞ்சாங்கம் பார்ப்பவர் அதற்குப் புறத்தே உள்ளவர். அணுவினுள் படிக்கும் புரதங்களோ அந்நூலிலிருந்தே பிறந்தவை. அவை டி.என்.ஏ.யின் குறித்த இடங்களைப் பற்றிக்கொண்டு சில மரபணுக்களைத் தூண்டுகின்றன, சிலவற்றை அடக்குகின்றன. அமெரிக்கப் பருத்தியில் இத்தகைய புரதமொன்றிற்குரிய மரபணுவை அடக்கிப் பார்த்த ஆஸ்திரேலிய ஆய்வாளர் அதன் விளைவை 2011-இல் வெளியிட்டனர். விதை உண்டாயிற்று, அதன்மேற் பஞ்சில்லை!

புடைத்தெழுந்த அணுவுக்கும் ஆபத்து நீங்கியபாடில்லை. அது நீள்வது ஏறக்குறைய மூன்று வாரம். உள்ளே நிறையும் நீரின் அழுத்தமே சுவரைத் தள்ளி அதனை நீட்டுகின்றது. அந்நாட்களிற் கரிசலின் ஈரம் அற்றுப்போயின் இழை குறுகிவிடும். சுவர் செல்லுலோஸால் தடித்தபின் பெய்யும் மழை அதனை நீட்டமாட்டாது. வியாபாரி விரலால் இழையை இழுத்துப் பார்த்து விலை குறைப்பது அம்மூன்று வாரக் கணக்கையே என்பதைச் சம்சாரி நன்கறிவான்.

காய் வெடிக்குங்கால் இழையணு இறந்து, உலர்ந்து, நாடாவைப்போல் முறுக்கிக்கொள்கின்றது. நூற்கும்போது இழையோடு இழை பற்றுவதற்கு அம்முறுக்கே துணை. அதன் அண்டை அணுவோ பருத்திக்கொட்டையோடு மாட்டுத் தொட்டிக்குப் போகின்றது.